தண்ணியப் பாத்துக்குங்க

ஒரத்தநாடு,
ஐப்பசி மாதம், அடைமழை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி இராஜாங்கம் அவர்களின் சமூகத்துக்கு, வீரையன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

பொருள்: தாங்கள் அன்போடு கொண்டுவந்து இறக்கிய துணி உலர்த்தும் மிஷின் என் வீட்டுக்குள் தண்ணீர் விடுவது தொடர்பாக.

இங்கே நான், என் மனைவி ராசம்மாள், உங்கள் மருமகள் சுடர்விழி, நம் பேத்தி எல்லோரும் சுகம். மழை சுகமாகப் பெய்கிறது. புதாற்றில் தண்ணீர் சுகமாகப் போகிறது. சுகமில்லாமல் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் பின்கட்டுத் தாழ்வாரத்தில் தூணோடு கட்டப்பட்டு நிற்கிறது. திருவெறும்பூரில் தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெங்களூரில் மாப்பிள்ளை அறிவுச்செல்வனும் சௌக்கியம்தான். இந்த விவகாரத்தில் அவர் கருத்து என்ன என்று கேட்டேன். "அப்பாங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போனார். இன்னும் அந்த மீட்டிங் முடியவில்லை.

போனில் பேசியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் "சம்பந்தி" என்று ஆரம்பித்தால் நீங்கள் "ஃபில்டர் பாத்தீங்களா?" என்று முடித்துவிடுகிறீர்கள். தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர், மிஷின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர், உங்கள் மேல் குற்றமில்லை. நானோ முப்பது வருஷம் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து, ஆற்றங்கரையில் ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதுமாகக் காலம் தள்ளியவன். என் பேச்சை முழுதாகக் கேட்டது தண்ணீர் ஒன்றுதான். அது குறுக்கே பேசாது. கடிதத்திலும் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் பிள்ளைத் துணி காய்வதில்லை, தரையெல்லாம் ஈரம், ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து சுடரையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு போகப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அனுப்ப முடியாது. தை பிறந்து, பொங்கல் பொங்கி, அந்தப் பொங்கலில் ஒரு பருக்கையைப் பேத்தியின் நாக்கில் வைத்த பிறகுதான் அனுப்புவேன். இவ்வளவுதான் விஷயம். மேற்கொண்டு படிக்க நேரமில்லை என்றால் இத்தோடு மடித்து வைத்துவிடலாம். படித்தால் நியாயம் யார் பக்கம் என்று தெரியும்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளை பெற்ற வீட்டில் மழை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். கொடியில் துணி, ஜன்னல் கம்பியில் துணி, கதவின் மேல் துணி, என் சைக்கிள் ஹேண்டில்பாரிலும் துணி. ஆற்றுத் தண்ணீருக்கு இத்தனை நாள் திறப்பு, இத்தனை நாள் அடைப்பு என்று இருக்கிற முறைவைப்பு எல்லாம் பேத்திக்குக் கிடையாது, நினைத்தபோது திறந்துவிடுவாள். ராசம்மாள் தன் பாட்டுக்குச் சமாளித்துக்கொண்டுதான் இருந்தாள். கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தைக் கழுவிக் கவிழ்த்து, உள்ளே தணலும் சாம்பிராணியும் வைத்து, மேலே துணியைப் பரப்பினால் கமகமவென்று காய்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து நீங்கள் ஒரு குட்டியானை வண்டியில் தார்ப்பாய் போட்டு மூடி இந்த மிஷினைக் கொண்டுவந்தீர்கள். தலைப்பிள்ளைப் பேறு பெண் வீட்டுப் பொறுப்பு, அதில் சம்பந்தி வீட்டார் சாமான் கொண்டுவந்து இறக்கினால் ஊர் என்ன பேசும் என்று கேட்டேன். "நான் சீர் செனத்தியெல்லாம் பாக்குற ஆள் இல்ல" என்றீர்கள். நீங்கள் பார்க்க மாட்டீர்கள், என் தெருவில் எல்லோரும் பார்ப்பார்கள். பார்த்தார்கள். சரி, பேத்திக்காக என்று வாயை மூடிக்கொண்டேன். மழையில் நனைந்துகொண்டு, டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க, நீங்கள் பிளக்கைச் செருகி, ஒரு பட்டனை அமுக்கி, ஒரு சின்ன விளக்கைக் காட்டிச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

"சம்பந்தி, இந்த வெளக்கு எரிஞ்சா தண்ணியப் பாத்துக்குங்க. அவ்வளவுதான் வேலை."

வண்டியில் ஏறும்போது சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னீர்கள். "பேத்தி ஈரத்துல கெடக்கான்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு, அந்த வாரமே வந்து கூட்டிக்கிட்டுப் போயிருவேன்." அதை நான் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணியப் பாத்துக்குங்க என்று ஒரு லஸ்கரிடம் சொல்லவே வேண்டியதில்லை. அதுதான் என் உத்தியோகம். இன்ஜினியர் ஜீப்பிலிருந்து இறங்கியதும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை அது, கடைமடை விவசாயி சைக்கிளில் வந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது சொல்லும் கடைசி வார்த்தையும் அது. "வீரையா, தண்ணியப் பாத்துக்கப்பா." பார்த்துக்கொண்டேன். என் ஷட்டருக்குக் கீழே இருந்த எந்த வயலும் நான் பார்க்கக் கருகியதில்லை. அதனால் அன்றைக்கே வீட்டில் அறிவித்துவிட்டேன். ஷட்டர் சாவி ஒருவன் கையில்தான் இருக்க வேண்டும், நாலு பேர் கையில் இருந்தால் நாலு பேரும் நான் திறக்கவில்லை என்பார்கள். ஆகவே இந்த மிஷினை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. சுடர் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவள், "நானே பாத்துக்குறேம்ப்பா, இதுல என்ன இருக்கு" என்றாள். "நீ புள்ளையப் பாரு, தண்ணிய நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டேன். அப்பன் பேச்சை மதித்து அந்தப் பிள்ளை அதன் பிறகு தாழ்வாரத்துப் பக்கமே வரவில்லை.

முதல் ஓட்டம் பிரமாதம், அதை மறைக்க மாட்டேன். துணியை எடுத்து ராசம்மாள் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "இட்லித் துணி மாதிரி வெதுவெதுன்னு இருக்கு" என்றாள். ஓடி முடிந்ததும் விளக்கு எரிந்தது. நீங்கள் காட்டிய இழுப்பறை மாதிரியான பிளாஸ்டிக் பெட்டியை உருவினேன். பாதிதான் இருந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டேன். பெட்டியைத் திரும்பச் செருகினேன். மறுநாள் துணியைப் போட்டு ஓட்டினால் மிஷின் பாதி வழியில் நின்றுவிட்டது. அதே விளக்கு, இந்தத் தடவை கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி. கதவைத் திறந்தால் துணி அரைவேக்காட்டுச் சோறு மாதிரி சூடாகவும் ஈரமாகவும் இருக்கிறது. அடியிலிருந்து ஒரு தாரை தண்ணீர் புறப்பட்டு, தாழ்வாரத்தைக் கடந்து, அடுப்படி வாசல்படியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பெட்டியை உருவிப் பார்த்தேன். தளும்பியதில் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. அதையும் பார்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து ஓட்டுவதற்கு முன்னால் ஒருமுறை, ஓட்டி முடித்ததும் ஒருமுறை, கடமை தவறாமல் பார்த்துக்கொண்டு வருகிறேன். வீட்டில் கேன் தண்ணீர் ஏன் இப்படித் தீர்கிறது என்று ராசம்மாள் கேட்டாள். பிள்ளையைப் பார்க்க ஆள் வருவதும் போவதுமாக இருந்தால் தீராதா என்று சொல்லி அடக்கி வைத்திருக்கிறேன்.

நீங்கள் போனில், "லெவல் பாருங்க சம்பந்தி" என்றீர்கள். யாரிடம் லெவல் பற்றிப் பேசுகிறீர்கள்! ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி மிஷின் தலையில் வைத்தேன். தண்ணீர் தெற்கே சாய்ந்தது. தெற்குக் காலுக்குக் கீழே கருங்கல் சில்லு கொடுத்தேன். கொடுத்தது கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று பிறகு தெரிந்தது, ஏனென்றால் அடுத்த ஓட்டத்தில் மிஷின் நடக்க ஆரம்பித்துவிட்டது. தடதடவென்று தாழ்வாரத்தில் இறங்கி, வயர் எட்டுகிற மட்டும் போய், கோழிக்கூண்டுக்கு நேரே நின்று உறுமிற்று. கோழிகள் அன்றைக்கு நிறுத்திய முட்டையை இன்னும் தொடங்கவில்லை. "நல்லாப் பிழிஞ்சு போடச் சொல்லுங்க" என்றும் சொன்னீர்கள். ராசம்மாள் பிழிந்தால் துணியில் ஈரம் என்ன, சாயமே மிஞ்சாது. அந்தக் குற்றச்சாட்டை நான் அவளிடம் சொல்லவில்லை, உங்கள் நன்மைக்காக.

மிஷின் இன்னொரு தடவை நடக்கக்கூடாது என்று மாட்டுக் கயிற்றால் தூணோடு கட்டினேன். அந்தக் கட்டைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு நடராசன் உள்ளே வந்தார். அவர் இங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியில் பெரிய மாடுகள் பிரிவில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கயிற்றில் கட்டியிருக்கும் எதைக் கண்டாலும் கிட்டே போய்த் தட்டிப் பார்ப்பார். மிஷினின் விலாப்பக்கம் தட்டினார், காதை வைத்துக் கேட்டார்.

"வயித்துல தண்ணி கோத்துருக்குண்ணே. வேளாவேளைக்குத் தண்ணி காட்டுறீங்களா?"

"தவறாம காட்டுறேன்."

"அப்ப தண்ணிக் குறை இல்ல. எங்கியோ அடைப்பு இருக்கு."

படித்தவர்கள் போனில் சொல்லாததை அவர் ஒரே தட்டில் சொன்னார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. கதவுக்குள் ஒரு சல்லடை இருந்ததே, அதை உருவினோம். ஆற்றில் ஷட்டர் வாயை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்குமே, அது மாதிரி பஞ்சு பாளம் பாளமாக. நீங்கள் தினம் கேட்ட ஃபில்டர் இதுதான் என்று தெரியாமல் நான் தினம் "பாத்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறேன், அது வேறு விஷயம். பஞ்சை ராசம்மாள் வீணாக்கவில்லை, பேத்திக்குத் தலையணை செய்கிறேன் என்று எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு கீழே ஒரு சின்னக் கதவைக் கண்டுபிடித்தோம். அதற்குள்ளே வண்டி ரேடியேட்டர் மாதிரி தகடு தகடாக ஒரு பெட்டி. பிரசவம் பார்த்த கை என்பதால் நடராசன் முழங்கை வரை உள்ளே விட்டு, "வருது, வருது, பிடிச்சுக்குங்க" என்று சொல்லி அதை வெளியே எடுத்துவிட்டார். பம்ப்செட்டில் வைத்துக் கழுவினோம், கறுப்பாகத் தண்ணீர் வந்தது. துடைத்து, வெயில் இல்லாததால் பஞ்சாரத்தின் மேல் வைத்து சாம்பிராணி காட்டிக் காயவைத்து, திரும்ப மாட்டினோம். இனி ஒரு குறை இல்லை என்று நடராசன் மிஷினின் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் தண்ணீரைப் பார்த்துவிட்டு ஓட்டினேன். மறுபடி பாதியில் நின்றது. மறுபடி தாரை. மறுபடி அந்த விளக்கு.

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன், ஃபோர்மேன் என்ற முறையில் பதில் சொல்லுங்கள். இந்த மிஷினுக்குக் குழாய் இணைப்பு கிடையாது. வாய்க்கால் கிடையாது. வரத்து என்று பார்த்தால் நான் பார்த்துக்கொள்கிற ஒரு பெட்டி. வெளியேற்றமோ தாழ்வாரம் முழுக்க. வரத்தைவிட வெளியேற்றம் கூடுதலாக இருக்கிற அணையை நான் என் சர்வீஸில் கண்டதில்லை. இது மிஷினின் கோளாறு இல்லாமல் யாருடைய கோளாறு? ராசம்மாளோ என் கோளாறு என்கிறாள். "ஊரானுக்கெல்லாம் தண்ணி விட்டீங்க, இப்ப அடுப்படிக்கே விட்டுட்டீங்க" என்று சொல்லிக்காட்டுகிறாள். பெண்சாதி சொல்வதைச் சகித்துக்கொள்ளலாம், சம்பந்தி சொல்வதைச் சகிக்க முடியாது. அதற்குத்தான் வருகிறேன்.

அன்று மாலை சுடர் பேத்தியைக் காட்டுவதற்காக உங்களுக்கு வீடியோ போட்டாள். தாழ்வாரத்துப் பக்கம் வராதவள், சிக்னல் கிடைக்கவில்லை என்று அடுப்படி வாசலுக்கு வந்து நின்றுவிட்டாள். பேத்தியின் முகத்துக்குப் பின்னால், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, முறத்தால் தண்ணீரை வாரி வாரிக் கொல்லைக்கு இறைத்துக்கொண்டிருந்த ஆள் நான்தான். உங்கள் குரல் தெளிவாகக் கேட்டது.

"என்ன சம்பந்தி, வீட்டுக்குள்ளயே நாத்து நடப் போறீங்களா?"

சம்பந்தியம்மா சிரித்ததும் கேட்டது. அதையும் பொறுத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் பேத்தி ஒரு தும்மல் போட்டாள். பிறந்த பிள்ளை தும்மும், மூக்கைச் சுத்தம் செய்துகொள்ளும், அதற்கு டாக்டர் வேண்டாம், நடராசனே போதும். ஆனால் நீங்கள் சிரிப்பை நிறுத்தினீர்கள். "ஞாயித்துக்கெழம காலையில வர்றேன். சுடரையும் புள்ளையையும் ரெடியா இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். வேடிக்கைப் பேச்சு என்று நான் நினைத்தது வேடிக்கை இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

சம்பந்தி, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சில் நீங்கள் வைத்த எதற்கும் நான் மறுப்புச் சொன்னதில்லை. தாலி எளிமையாகப் போதும் என்றீர்கள், சரி என்றேன். ஐயர் வேண்டாம் என்றீர்கள், எனக்கும் வேண்டாம் என்றேன். பிள்ளையை மூன்றாம் மாதம் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. புரட்டாசிக் கடைசியில் பிறந்தவளுக்கு மூன்றாம் மாதம் மார்கழியில் வருகிறது. மார்கழியில் பிள்ளையை வீடு மாற்ற மாட்டார்கள். "எனக்கு மார்கழியும் கெடையாது மாசியும் கெடையாது" என்பீர்கள். பகுத்தறிவு எனக்கும் உண்டு, ஆனால் என் பகுத்தறிவு இந்த வருஷம் தை மாதத்திலிருந்துதான் வேலை செய்யும். ஒரு தாழ்வாரத்து ஈரத்தைக் காட்டி என் பெண்ணை நடுமழையில் வண்டியில் ஏற்ற நினைத்தால், புதாற்றில் கரை முறிந்தபோது மூட்டை மூட்டையாக மணலைப் போட்டு அதன் மேல் படுத்துக் காவல் காத்தவன் நான், என் வாசற்படியிலும் படுப்பேன். வண்டி என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

காரணம் கேட்டால் நூறு சொல்வேன். உண்மையான காரணம் ஒன்றுதான், அதையும் சொல்லிவிடுகிறேன், போனில் என்றால் எனக்கு வாய் வராது. எனக்கு மனசு வரவில்லை. சுடர் ஹாஸ்டலுக்குப் போனவள். அங்கிருந்து வேலைக்குப் போனாள், வேலையிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நடுவில் வந்ததெல்லாம் பையை இறக்காமல் வந்து போன வருகை. இப்போதுதான் அவள் துணி எங்கள் கொடியில் நிரந்தரமாகத் தொங்குகிறது. மத்தியானம் அவள் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடட்டும் என்று பேத்தியை நான் வாங்கிக்கொள்கிறேன். ஷட்டர் சக்கரம் சுற்றிக் காய்ப்புக் காய்த்த கை, குத்துமோ என்று பயந்து துண்டை மடித்துப் போட்டு அதன் மேல்தான் ஏந்துகிறேன். பேத்தி என் மேல் திறந்துவிடுகிறாள். வேட்டி நனைகிறது. அந்த வேட்டியை மாற்ற எனக்கு அவசரமே வருவதில்லை. உங்களுக்கும் அந்த ஆசை இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்குத் தைக்குப் பிறகு ஆயுசு முழுக்க இருக்கிறது, எனக்கு இந்த மழை முடிகிற வரைதான்.

ஆகவே என் தீர்மானம் இது. மிஷினைக் கட்டவிழ்த்து, துடைத்து, வருகிற சனிக்கிழமையே அதே குட்டியானையில் ஏற்றி உங்கள் வாசலில் இறக்கிவைக்க ஏற்பாடு செய்துவிட்டேன். மிஷின் போய்விட்டால் தாழ்வாரத்தில் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாவிட்டால் நீங்கள் வருவதற்குக் காரணமும் இல்லை. பஞ்சாரம் இருக்கிறது, சாம்பிராணி இருக்கிறது, ராசம்மாள் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். மீறி வந்தால் சாப்பாடு உண்டு, மரியாதை உண்டு, பெண்ணும் பேத்தியும் கிடையாது.

உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் நோய்நொடி இல்லாமல், சளி காய்ச்சல் அண்டாமல், மாடிப்படி வழுக்காமல் இந்த மழைக்காலம் கழிய வேண்டுமென்று மனதார வேண்டிக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு ராசம்மாள் தன் விசாரிப்பைச் சொல்லச் சொன்னாள். பேத்தி எதுவும் சொல்லவில்லை, தூங்குகிறாள், காய்ந்த துணியில்.

தங்கள் உண்மையுள்ள,
மசியாத,
வீரையன்
லஸ்கர் (ஓய்வு)

பி.கு.: இதை எழுதி, உறையில் போட்டு, ஸ்டாம்பும் ஒட்டிய பிறகு, மறுபடி உறையைப் பிரித்து எழுதுகிறேன். சனிக்கிழமை போகப்போகிற மிஷின்தானே, வழியனுப்புகிற மரியாதைக்குக் கடைசியாக ஒரு தடவை தண்ணீரைப் பார்த்துவிடலாம் என்று பெட்டியை உருவி, கேனைச் சாய்த்தேன். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு சுடர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"என்னப்பா பண்றீங்க?"

"தண்ணி பாக்குறேன்."

"அதுக்கு ஏன் தண்ணி ஊத்துறீங்க?"

"கேக்குதும்மா. வெளக்கு எரியுது பாரு. கூலருக்கு ஊத்துறோம்ல, அது மாதிரி. நல்ல தண்ணியாத்தான் ஊத்துறேன், உப்புப் புடிச்சிறக் கூடாதுல்ல."

அவள் பெட்டியைப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளை பெற்ற பிறகு அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "அப்பா, அது குடுன்னு கேக்கலப்பா. எடுன்னு சொல்லுது. துணியில இருக்குற ஈரம்தான் தண்ணியாயி அந்தப் பெட்டிக்கு வருது. அதக் கொட்டிட்டுச் செருகணும். நீங்க திரும்பத் திரும்ப ரொப்பி ரொப்பி வச்சா, அது பாவம், எங்கதாம்ப்பா போயி விடும்?"

சம்பந்தி, மனசாட்சிப்படி சொல்லுங்கள். என் சர்வீஸில் எவனாவது ஒருவன் வந்து, தண்ணீர் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருப்பானா? விளக்கைக் காட்டினாலும், கையைக் காட்டினாலும், சாலையை மறித்துக் கறுப்புக்கொடி காட்டினாலும் அவர்கள் கேட்டது தண்ணீர்தான். இந்த ஜில்லாவில் தண்ணியப் பாத்துக்குங்க என்றால் தண்ணீர் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். கொட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வலித்ததா? ஆகவே தவறு ஆளுக்குப் பாதி, பெரிய பாதி உங்களுடையது. சுடர் பெட்டியைக் கறிவேப்பிலைச் செடிக்குக் கவிழ்த்துவிட்டு ஓட்டினாள். கடைசி வரை ஓடிற்று. துணி அப்பளமாகக் காய்ந்து வந்தது. தாழ்வாரத்தில் ஒரு சொட்டு இல்லை. நடராசன் வந்து பார்த்துவிட்டு, தான் பார்த்த வைத்தியம் இப்போதுதான் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

நான் சும்மா இருப்பேனா? "பாத்தியா, ஒன் மாமாவுக்குக் காரணமே போச்சு. தை வரைக்கும் நீ இங்கதான்" என்று சுடரிடம் சொன்னேன். அவள் துணியை மடித்துக்கொண்டே, "அத நீங்க ரெண்டு பேரும் யாரக் கேட்டு முடிவு பண்றீங்க?" என்றாள். "நான் போன வாரமே அத்தகிட்ட சொல்லிட்டேன், பொங்கல் முடிஞ்சுதான் வருவேன்னு. அத்தையும் சரின்னுட்டாங்க. மாமாகிட்ட இப்பச் சொல்லாத, ரெண்டு பேரும் பொழுதுபோகாம இருக்காங்க, கொஞ்ச நாளு சண்ட போடட்டும்னாங்க." அன்றைக்கு வீடியோவில் சம்பந்தியம்மா சிரித்தது என் வேட்டியைப் பார்த்து இல்லை என்று இப்போது விளங்குகிறது. நீங்கள் வண்டி பேசியதும், நான் வாசற்படியில் படுப்பதாக எழுதியதும், நம் இருவரையும் யாரும் கேட்காத விஷயத்துக்காக.

இருந்தாலும் எழுதியதைக் கிழிக்க மாட்டேன். கை வலிக்க எழுதியிருக்கிறேன், ஸ்டாம்பும் ஒட்டியாகிவிட்டது. மேலே உள்ளதில் மிஷினைப் பற்றி எழுதியது மட்டும் ரத்து. குட்டியானையும் ரத்து, மிஷின் தைக்குப் பிறகு பேத்தியோடுதான் திரும்பும். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று எழுதியதும் ரத்து. அவசியம் வாருங்கள், சேர்ந்து சாப்பிடுவோம், நம்மைக் கேட்காமல் முடிவு செய்தவர்களை என்ன செய்யலாம் என்று பேசுவோம். பேத்தியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மாற்று வேட்டி நான் தருகிறேன். வண்டி மட்டும் எடுத்துவர வேண்டாம், பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள். திரும்பிப் போக உங்களுக்கு ஒரு சீட் போதும்.